ஊசிப் பயம் எந்த வழியால் வந்தது? கண்டுபிடித்து அதற்கேற்றபடி நடப்பது எப்படி

"ஊசியெண்டா எனக்குச் சரியான பயம், மிஸ்" என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, "முந்தி எப்பவாவது மயங்கி விழுந்திருக்கிறீங்களா?" என்றுதான். எப்போதிருந்து பயம், எவ்வளவு பயம் என்பதெல்லாம் அப்புறம். மயங்குகிறவருக்குப் பயம் வந்த வழி வேறு, மயங்காதவருக்கு வந்த வழி வேறு. செய்ய வேண்டிய காரியமும் நேரெதிர். ஒருவருக்குச் சொல்ல வேண்டியதை மற்றவருக்குச் சொன்னால் ஆள் கதிரையோடு சரிந்துவிடும்.

கொழும்பில் தாதியாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். இப்போது வெள்ளவத்தையில் ஒரு லாப்பில் காலை நேரத்தில் இரத்தம் எடுக்கிறேன். நடக்க முடியாதவர்களுக்காக ராமகிருஷ்ணா வீதி, ஹம்டன் லேன், பம்பலப்பிட்டிப் பக்கத்துத் தொடர்மாடிகள் என்று வீடுகளுக்கும் போவேன். இன்சுலின் ஊசிக்குப் பயந்து குளிகையோடு வருடக்கணக்கில் இழுத்தடித்து, கால் விரல் எடுக்கிற நிலைமைக்கு வந்த ஐயாவைப் பார்த்திருக்கிறேன். வயிற்றில் பிள்ளையோடு இரத்தப் பரிசோதனைத் துண்டைக் கைப்பைக்குள் ஒளித்து வைத்திருந்த பெண்ணையும் பார்த்திருக்கிறேன். இருவரும் படித்தவர்கள், விஷயம் தெரிந்தவர்கள். அவர்களிடம் போய் "இதுக்கெல்லாம் பயப்படலாமா?" என்று கேட்பதில் ஒரு பயனும் இல்லை.

ஊசி யாருக்கும் பிடிக்காதுதான். முகத்தைச் சுளித்துக்கொண்டு கையை நீட்டினால் அது சாதாரணப் பயம், அதை விட்டுவிடலாம். ஆறு மாதமோ அதற்கு மேலோ நீடித்து, உள்ள ஆபத்துக்கு எந்த வகையிலும் பொருந்தாத அளவுக்குப் பெருத்து, வேண்டிய வைத்தியத்தையே தவிர்க்க வைத்தால்தான் வைத்தியர்கள் அதை ஃபோபியா என்கிறார்கள். அப்படிப்பட்டவர்களுக்கும், அவர்களை வீட்டில் வைத்துக்கொண்டு தவிக்கிறவர்களுக்கும்தான் இதை எழுதுகிறேன்.

மயங்குகிறவர்கள்

நாய்க்குப் பயந்தவர் நாயைக் கண்டால் நெஞ்சு படபடக்கும், பிரஷர் ஏறும், ஓடத் தோன்றும். மயங்கி விழமாட்டார். பாம்பு, இடி, லிஃப்ட் எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய இதுதான் கதை. இரத்தமும் ஊசியும் மட்டும் விதிவிலக்கு. முதலில் நெஞ்சுத்துடிப்பும் பிரஷரும் கொஞ்சம் ஏறும், பிறகு இரண்டும் திடீரென்று கீழே இறங்கும். மூளைக்குப் போகிற இரத்தம் குறைந்தவுடன் நினைவு தப்பும். இந்த வகைப் பயம் உள்ளவர்களில் முக்கால்வாசிப் பேர் ஒரு தடவையாவது இப்படி மயங்கியவர்கள்.

பக்கத்தில் நிற்கிற எனக்கு அது வருவது முன்கூட்டியே தெரியும். வந்ததிலிருந்து வாய் ஓயாமல் கதைத்துக்கொண்டிருந்தவர் சட்டென்று கதையை நிறுத்துவார். மேலுதட்டில் பொடிப்பொடியாக வியர்வை அரும்பும். ஒரு கொட்டாவி வரும், உடனே இன்னொன்று. சொண்டு வெளிறும். "மிஸ், காது அடைக்கிற மாதிரி இருக்கு" என்றால் எனக்கு இருப்பது சில விநாடிகள்தான். றப்பர் பட்டியை அவிழ்த்து, ஊசியை எடுத்து, ஆளைச் சரித்துப் படுக்கவைத்துக் காலை உயர்த்திவிடுவேன்.

இதற்கும் வலிக்கும் பெரிய தொடர்பில்லை. கொட்டாஞ்சேனைப் பக்கத்திலிருந்து ஒருவர் வருவார். முதுகில் செடில் குத்திக் காவடி எடுக்கிறவர், தழும்புகளைக் காட்டியும் இருக்கிறார். சீனி பார்க்க ஒரு சிறு குழாய் இரத்தம் எடுத்தால் சரிந்துவிடுவார். ஆண்கள் இதை வெட்கமாக நினைத்து மறைக்கிறார்கள். மறைத்துவிட்டு வந்து நிமிர்ந்த கதிரையில் இருந்து விழுந்தால் தலையில்தான் அடிபடும்.

இந்த வகையின் வேர் பெரும்பாலும் குடும்பத்தில் இருக்கிறது. இரத்தப் பயம் உள்ளவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு, நெருங்கிய இரத்த உறவில் இன்னொருவருக்கும் அது இருப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. எனவே அப்பாவை, பெரியப்பாவை, அம்மம்மாவைப் பற்றி விசாரியுங்கள். கோழி அறுப்பதைப் பார்க்கமாட்டார், ஆஸ்பத்திரிக்கு ஆள் பார்க்கப் போனால் வாசலில் நின்றுவிடுவார் என்று யாராவது ஒருவர் அகப்படுவார். வழிவழியாக வருவது உடம்பின் இந்தச் சுபாவம். முதலில் உடம்பு மயங்குகிறது. நாலு பேர் முன்னால் விழுந்து எழும்பிய பிறகு, அடுத்த தடவையும் விழுந்துவிடுவோமோ என்று மனம் பயப்படத் தொடங்குகிறது. பயம் இங்கே இரண்டாவதாகத்தான் வருகிறது.

அதனால்தான் இவர்களிடம் "ரிலாக்ஸ் பண்ணுங்கோ, உடம்பைத் தளர விடுங்கோ" என்று சொல்லக் கூடாது. தளரத் தளரப் பிரஷர் இன்னும் இறங்கும். செய்ய வேண்டியது உடம்பை இறுக்குவது. ஸ்வீடனைச் சேர்ந்த உளவியலாளர் லார்ஸ்-கோரன் ஓஸ்ட் 1980களில் சோதித்து வகுத்த முறை இது. கதிரையில் இருந்துகொண்டு கை, கால், வயிறு, நெஞ்சுத் தசைகளை ஒன்றாக இறுக்குங்கள். மூச்சை அடக்க வேண்டாம். பத்துப் பதினைந்து விநாடிக்குள் முகத்தில் ஒரு சூடு ஏறுவது தெரியும். தெரிந்தவுடன் இறுக்கத்தை விட்டு வழமையான நிலைக்கு வாருங்கள், துவண்டு போகிற அளவுக்கு விட வேண்டாம். இருபது முப்பது விநாடி கழித்துத் திரும்பவும் இறுக்குங்கள். இப்படி ஐந்து தடவை. பரிசோதனைக்கு ஒரு கிழமை முன்பிருந்தே வீட்டில் தினமும் பழகினால், லாப்பில் அது தானாகக் கைவரும். ஊசி ஏற்றுகிற கையை மட்டும் சும்மா விட்டு மற்றதெல்லாவற்றையும் இறுக்குங்கள். இருதய நோய், உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் முதலில் டொக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் இதைப் பழக வேண்டும்.

மயங்காதவர்கள்

இங்கேதான் கொஞ்சம் துப்புத் துலக்க வேண்டும். பயம் ஒருவருக்குள் வருகிற வழிகள் மூன்று என்று ஸ்டான்லி ராக்மன் என்ற உளவியலாளர் 1977இல் எழுதினார்: தனக்கு நேரே பட்டது, பிறருக்குப் படுவதைப் பார்த்தது, பிறர் சொல்லக் கேட்டது. என் கதிரைக்கு வருகிற பிள்ளைகளை வைத்துப் பார்த்தால் மூன்றும் இந்தக் கொழும்பிலேயே தினமும் நடக்கிறது.

நேரே பட்டதற்கு இங்கே டெங்குவை மிஞ்ச ஒன்றுமில்லை. 2017இல் மட்டும் இலங்கையில் 1 இலட்சத்து 86 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு டெங்கு என்று பதிவானது, அதில் பெரும் பங்கு எங்கள் மேல் மாகாணம். டெங்குக்காரருக்கு இரத்தத் தட்டுக்கள் இறங்குகிறதா என்று திரும்பத் திரும்ப இரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும், கடுமையான கட்டத்தில் ஒரே நாளில் பல தடவை. காய்ச்சலால் உடம்பில் நீர் வற்றியிருக்கும், நரம்பு சுருங்கிக் கிடக்கும், ஒரு தடவை குத்தி அம்பிடாமல் இன்னொரு தடவை குத்த வேண்டி வரும். பிள்ளை திமிறும். ஒருவர் காலை, ஒருவர் தோளை, ஒருவர் கையைப் பிடித்து அமுக்குவார்கள். உயிரைக் காக்கச் செய்கிற வேலைதான், நானும் வார்டில் செய்திருக்கிறேன்.

ஆனால் அந்தப் பிள்ளைகள் வளர்ந்த பிறகு என்னிடம் சொல்வதைக் கேட்டால் ஊசி நொந்தது என்று சொல்பவர்கள் குறைவு. "எல்லாரும் சேர்ந்து அமுக்கிப் பிடிச்சவை" என்றுதான் சொல்கிறார்கள். ஓட வழியில்லாமல் அகப்பட்ட அந்தக் கணம்தான் அவர்களிடம் தங்குகிறது. பக்கத்துக் கட்டிலில் அதே டெங்குவோடு கிடந்த பிள்ளைக்கு ஏன் ஒன்றும் ஒட்டவில்லை என்று தாய்மார் கேட்பார்கள். பிறவிச் சுபாவம் ஒரு காரணம். முன் அனுபவம் இன்னொன்று. பல் வைத்தியரிடம் வலியில்லாமல் பல தடவை போய் வந்த பிள்ளைக்கு, ஒரு நாள் வலித்தாலும் பயம் அவ்வளவாகப் பிடிப்பதில்லை. முதல் அனுபவமே மோசமானதாக அமைந்த பிள்ளைக்குத்தான் ஆழப் பதிகிறது.

பார்த்து வருகிற பயம் சத்தமில்லாமல் வருவது. 2002இல் அவுஸ்திரேலியாவில் ஒரு ஆய்வு நடந்தது. ஒன்றேகால் வயதுக்கும் ஒன்றரை வயதுக்குச் சற்று மேலுக்கும் இடைப்பட்ட குழந்தைகளுக்கு றப்பர் பாம்பையும் றப்பர் சிலந்தியையும் காட்டி, பக்கத்தில் தாயை ஒரு தடவை சந்தோஷ முகத்தோடும் ஒரு தடவை பயந்த முகத்தோடும் இருக்கச் சொன்னார்கள். தாயின் முகத்தில் பயத்தைக் கண்ட பொம்மையிடம் குழந்தைகள் பிறகும் கிட்டப் போகத் தயங்கின. தடுப்பூசி கிளினிக்கில் தாயின் மடியில் இருக்கிற குழந்தை என் கையிலுள்ள ஊசியைப் பார்ப்பதில்லை. அண்ணாந்து தாயின் முகத்தைத்தான் பார்க்கும். தாய்க்குப் பயம் என்றால் அப்பாவோ மாமியோ மடியில் வைத்திருக்கட்டும். தாய் வெளியே நிற்பதில் ஒரு குறையும் இல்லை.

மூன்றாவது வழியைப் பற்றிக் கதைத்தால் எனக்கு உண்மையிலேயே கோபம் வரும். "அழாத, அழுதா மிஸ்ஸிட்டச் சொல்லி ஊசி போடுவிப்பன்." பஸ்ஸில் கேட்டிருக்கிறேன், பிள்ளையார் கோயில் வாசலில் கேட்டிருக்கிறேன், காய்ச்சலோடு வந்த பிள்ளைக்கு முன்னால், என் மேசையடியிலேயே கேட்டிருக்கிறேன். ஊசியைத் தண்டனையாகக் காட்டி வெருட்டி வளர்த்துவிட்டு, அதே ஊசியை வைத்தியமாக ஏற்றுக்கொள் என்றால் பிள்ளை என்ன செய்யும்? இங்கிலாந்தில் 2003இல் செய்த ஒரு சோதனையில், பிள்ளைகள் கண்ணாலும் கண்டிராத ஒரு விலங்கைப் பற்றிக் கெட்ட கதைகள் மட்டும் சொன்னார்கள். அந்த விலங்கு இருப்பதாகச் சொன்ன பெட்டிக்குள் கை விடவே பிள்ளைகள் தயங்கினார்கள். வெறும் கதைக்கு அவ்வளவு வலிமை. பள்ளிக்கூடங்களிலும் இதுதான் நடக்கிறது. ஆறாம் வகுப்புப் பெண் பிள்ளைகளுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கிற எச்.பி.வி. தடுப்பூசி போடுகிற நாளில், வரிசையின் முன்னுக்கு நிற்கிற பிள்ளை "பெரிய ஊசி, எலும்பு வரைக்கும் போகும்" என்று ஒரு கதையை விட்டால், அது கடைசிப் பிள்ளையிடம் போய்ச் சேரும்போது பாதிப் பேர் அழுதுகொண்டு நிற்பார்கள்.

"நோகவே நோகாது, எறும்பு கடிக்கிற மாதிரி" என்கிற பொய்யும் இதே வழியில்தான் கேடு செய்கிறது. நொந்தவுடன் பிள்ளைக்கு ஊசியோடு சேர்த்து உங்கள் வாயிலும் நம்பிக்கை போய்விடும்.

உங்கள் பயம் எந்த வழியால் வந்தது என்று பார்க்க ஒரு கடதாசி எடுங்கள். நினைவிலுள்ள முதல் ஊசி எது, அப்போது என்ன வயது, பக்கத்தில் யார் நின்றார் என்று எழுதுங்கள். அம்மாவையோ அக்காவையோ தனியாகக் கேளுங்கள், நீங்கள் மறந்த காய்ச்சல் அவர்களுக்கு நினைவிருக்கும். அப்புறம் முக்கியமான கேள்வி: இதில் எது உங்களுக்கு ஆக மோசம்? ஸ்பிரிட் மணமா, கையைக் கட்டுகிற பட்டியா, குத்துகிற நோவா, குழாயில் ஏறுகிற இரத்தமா, வரிசையில் காத்திருப்பதா? பட்டியைக் கண்டால் நடுங்குகிறவர் எப்போதோ அமுக்கிப் பிடிக்கப்பட்டவராக இருக்கலாம். அவருக்கு நான் முதலில் சொல்வது, "நிப்பாட்டச் சொன்னா நிப்பாட்டுவன்" என்பதுதான். சொன்னபடி நிறுத்துவேன். காத்திருப்பதுதான் கஷ்டம் என்கிறவர், கேட்ட கதைகளை மனத்துக்குள் ஓட்டிக்கொண்டிருக்கிறவர். அவருக்கு உண்மையான அளவுகளைச் சொல்ல வேண்டும். எஃப்.பி.சி. என்கிற முழு இரத்த எண்ணிக்கைப் பரிசோதனைக்கு ஊதா மூடிக் குழாயில் எடுப்பது இரண்டு மூன்று மில்லிலீற்றர், ஒரு தேக்கரண்டி அளவுகூட வராது. வளர்ந்த ஒருவருடைய உடம்பில் ஏறக்குறைய ஐந்து லீற்றர் இரத்தம் இருக்கிறது.

எவ்வளவு தேடியும் ஒன்றும் நினைவுக்கு வரவில்லையா? நிறையப் பேருக்கு அப்படித்தான். தோண்டிக்கொண்டிருக்க வேண்டாம். அடுத்ததைப் பாருங்கள், அது எல்லோருக்கும் பொது.

பயத்தை வளர்ப்பது எது

லாப்பில் காசு கட்டி, துண்டு வாங்கி, பெயர் கூப்பிடும்போது எழும்பிப் போய்விடுகிறவர்கள் இருக்கிறார்கள். காலி வீதியில் இறங்கி, வருகிற 100ஆம் இலக்க பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தவுடன் அவர்களுக்கு ஒரு பெரிய நிம்மதி வரும். அந்த நிம்மதிதான் பயத்துக்குப் போடுகிற தீனி. தப்பி ஓடினேன், உயிர் பிழைத்தேன் என்று உடம்பு படித்துவிடுகிறது. அடுத்த தடவை லாப் வாசலிலேயே நடுக்கம் தொடங்கும், அதற்கடுத்த தடவை வீட்டிலேயே தொடங்கும். மவ்ரர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1940களிலேயே இதை எழுதிவிட்டார்: பயம் ஒரு வழியால் பிறக்கிறது, தவிர்ப்பதால் நிலைக்கிறது.

என்னைக் கேட்டால், பத்து வயதில் நடந்தது எதுவாக இருந்தாலும், நாற்பது வயதிலும் ஒருவர் பயந்துகொண்டிருப்பதற்கு முதல் காரணம் இடைப்பட்ட முப்பது வருடமும் தவிர்த்து வந்ததுதான். வீட்டார் இதற்கு அன்பினாலேயே துணை போகிறார்கள். புருஷனுக்காக மனைவி போன் எடுத்து, "அவருக்கு இண்டைக்குச் சுகமில்லை, அடுத்த கிழமை வாறம்" என்கிறாள். அந்த போனை எடுக்காமல் இருங்கள். திட்டவும் வேண்டாம், இழுத்துக்கொண்டு வரவும் வேண்டாம். கூட வந்து பக்கத்தில் இருந்தால் போதும்.

திரும்பி வருகிற வழி படிப்படியானது. 1924இல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற அமெரிக்கப் பெண், முயலுக்குப் பயந்த பீற்றர் என்கிற மூன்று வயதுக்குக் கிட்டிய பையனுக்கு, அவன் விருப்பமான சாப்பாட்டைச் சாப்பிடும்போது கூண்டு முயலைத் தூரத்தில் வைத்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டக் கொண்டு வந்தார். முயலுக்குப் பயமில்லாத பிள்ளைகளையும் கூட விளையாட விட்டார். கடைசியில் அவன் முயலைத் தடவினான். இன்றைக்கும் வைத்தியம் அடிப்படையில் அதுதான்.

ஊசிக்கு நான் சொல்கிற ஒழுங்கு இது. முதலில் ஊசிப் படங்களைப் பாருங்கள். பரிசோதனை எதுவும் இல்லாத ஒரு பின்னேரம், கூட்டம் குறைந்த நேரத்தில் லாப்பில் வந்து சும்மா இருந்துவிட்டுப் போங்கள். அடுத்து மூடி போட்ட ஊசிக் குழாயைக் கையில் பிடித்துப் பாருங்கள். பட்டியைக் கட்டி அவிழ்க்கச் சொல்லுங்கள், ஸ்பிரிட் பஞ்சால் துடைக்கச் சொல்லுங்கள். பிறகு விரல் நுனியில் குத்திச் சீனி பார்ப்பது. கடைசியாகத்தான் நரம்பில் எடுப்பது. ஒவ்வொரு படியிலும் பயம் நன்றாக இறங்கும் வரைக்கும் இருங்கள். உச்சத்தில் இருக்கும்போது எழும்பினால் பஸ் நிம்மதிக் கதைதான் திரும்பவும். முன்கூட்டிக் கேட்டால் இதற்கு மறுக்கிற தாதிமார் குறைவு. மயங்குகிறவர்களும் இதே படிகளில் ஏறலாம், தசையை இறுக்கிக்கொண்டே ஏற வேண்டும்.

பிள்ளைகளுக்கு இன்னும் சில. கொஞ்சம் வளர்ந்த பிள்ளையைப் படுக்கவைத்து அமுக்காமல் நிமிர்த்தி இருத்தச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம், சின்னக் குழந்தை என்றால் தாயின் அணைப்பில். பால் குடிக்கிற குழந்தைக்கு ஊசி போடும்போதே பால் கொடுக்கலாம். எந்தக் கை என்று பிள்ளையே தெரிவு செய்யட்டும். "கொஞ்சம் நோகும், மூண்டு எண்ணுறதுக்குள்ள முடிஞ்சிடும்" என்று உண்மையைச் சொல்லுங்கள். தோலை மரக்க வைக்கிற கிரீம் பாமசிகளில் இருக்கிறது. டொக்டரைக் கேட்டு வாங்கி, ஒரு மணித்தியாலம் முன்பே பூசி மூடி வைக்க வேண்டும். லாப் வாசலில் வைத்துப் பூசினால் வேலை செய்யாது. பயமில்லாத மச்சானோ மச்சாளோ இருந்தால் கூட்டி வந்து அவர்களுக்கு முதலில் எடுக்கவிட்டுப் பார்க்க வையுங்கள்.

ஆஸ்பத்திரி மணம் பட்டவுடன் யுத்த நாட்களோ குண்டு வெடித்த நாளோ கண் முன்னால் வந்துவிடுகிறவர்கள் இந்தப் படிகளைத் தனியாக ஏற வேண்டாம். அது ஊசிப் பயத்தோடு நிற்கிற விஷயமல்ல. அரச ஆஸ்பத்திரிகளில் மனநலக் கிளினிக்குகள் உண்டு, காசு கட்ட வேண்டியதில்லை. தேசிய மனநல நிறுவனத்தின் உதவி இலக்கம் 1926. படிகள் ஏறி ஏறிச் சறுக்குகிறவர்களும், மாதக்கணக்காக மருந்தைத் தள்ளிப் போடுகிறவர்களும்கூட அங்கே கேட்கலாம்.

பரிசோதனை நாளில், வெறும் வயிறு என்று சொல்லியிருந்தாலும் வெறும் தண்ணீர் குடிக்கலாம். இரண்டு கிளாஸ் குடித்துவிட்டே வாருங்கள், நரம்பும் நன்றாக அம்பிடும், மயக்கமும் குறையும். பிளேன்ரீயும் பிஸ்கட்டும் கையோடு கொண்டு வாருங்கள், முடிந்தவுடன் தேவைப்படும். லாப் திறந்தவுடன் முதல் ஆளாக வந்தால் வரிசையில் இருந்து யோசிக்க நேரம் இருக்காது. துண்டு எழுதுகிற இடத்திலேயே, "நான் மயங்குறனான், படுக்க வைச்சு எடுங்கோ" என்றோ "மயங்கமாட்டன், ஆனா பிடிச்சு அமுக்க வேண்டாம்" என்றோ சொல்லிவிடுங்கள். அதைக் கேட்டுவிட்டுத்தான் நான் கட்டிலா கதிரையா என்று முடிவெடுப்பேன்.